வீடியோ காலில் படம் போகிறது, ஒலி போவதில்லை: ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிக்கொண்டே வீடியோ பார்ப்பது, வீடியோ காலில் இருவர் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது பற்றியெல்லாம் பத்திரிகைகளில் அடிக்கடி துணுக்குகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: இணைய வேகத்தைக் கூட்டுங்கள். இந்த மருந்து நோய்க்குப் பொருந்தாது. எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும், மறுமுனையில் இருப்பவர் ‘படம் நன்றாகத் தெரிகிறது, பாட்டுதான் விட்டு விட்டுக் கேட்கிறது’ என்றே சொல்வார். அழைப்பு என்ற ஏற்பாடு மனிதக் குரலுக்காகவே செய்யப்பட்டது. குரல் அல்லாத எதையும் அது கழிவு என்று கருதி வடிகட்டிவிடும். வீடியோவின் ஒலியை மைக் வழியாக அனுப்புகிறவரை இந்தத் தொல்லை தீராது. அந்த ஒலிக்குத் தனிப்பாதை கொடுத்துவிட்டால் சாதாரண இணைப்பிலேயே காரியம் நடந்துவிடும். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் பேரக்குழந்தையோடு சேர்ந்து பாட்டு பார்க்க நினைக்கும் ஒரு பாட்டி, நான்கு முறை முயன்று ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார். பிழை அவருடையது அல்ல.

மைக்குக்குப் பின்னால் மூன்று வடிகட்டிகள் வேலை செய்கின்றன. முதலாவது இரைச்சல் நீக்கி. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று இது முடிவு செய்கிறது. மின்விசிறியின் ஓசையை அது எடுத்துவிடுவது நல்லதுதான். ஆனால் புல்லாங்குழலில் நீண்டு நிற்கும் ஒரு சுரமும் அதன் கணக்கில் மின்விசிறியைப் போலவே இருப்பதால் அதையும் சேர்த்து எடுத்துவிடும். வசனம் வரும்போது திறந்து, இசை வரும்போது மூடி, மறுபடி திறந்து என்று போவதால்தான் ‘விட்டு விட்டுக் கேட்கிறது’ என்ற புகார் எழுகிறது. இரண்டாவது எதிரொலி நீக்கி. நம் ஸ்பீக்கரில் வருவது நம் மைக்கில் புகுந்து பேசியவருக்கே திரும்பிப் போகாமல் இது தடுக்கிறது. மூன்றாவது ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் பகுதி. படத்தில் மெதுவாகப் பேசும் இடத்தை இது தூக்கிவிடும், சண்டைக் காட்சியை அமுக்கிவிடும். இரண்டும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கேட்கும்.

எதிரொலி நீக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அழைப்பில் இருக்கும் அதே போனிலேயே ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஸ்பீக்கரை உரக்க வைத்தால் மறுமுனைக்குக் கேட்கும் என்று நினைக்கிறோம். பல போன்களில் எதிரொலி நீக்கி, அந்த ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொண்டு, மைக்கில் விழுவதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. நமக்கு அறையே அதிரும், அவருக்கு ஒன்றும் கேட்காது. ஒலியைக் கூட்டக் கூட்ட அது இன்னும் முனைந்து கழிக்கும். நம் குரலும் சேர்ந்து அடிபடும். அறையில் உள்ள டிவியின் முன்னால் போனைப் பிடித்தால் நிலைமை சற்று மாறும். டிவியின் ஒலி எதிரொலி நீக்கிக்குத் தெரியாது, ஆகவே கழிக்காது. ஆனால் இரைச்சல் நீக்கியின் கையில் அது அகப்பட்டுக்கொள்ளும். டிவிக்கு நேராகப் போனைப் பிடித்தால் படமும் கெடும். டிவித் திரை புதுப்பிக்கும் வேகமும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாமல் பட்டை பட்டையாக ஓடும்.

குறை ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையில் இருப்பதாகவும் சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. இணைய அழைப்புகள் பலவற்றிலும், உலாவி வழியாகப் பேசும் அழைப்புகளிலும் பயன்படும் ஓப்பஸ் என்ற முறை 2012இல் தரப்படுத்தப்பட்டது. நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை அதனால் இயங்க முடியும்; பேச்சு, இசை இரண்டையும் நன்றாகவே சுமக்கும். இசை அங்கே சேருமுன்பே வடிகட்டிகள் அதைக் கொன்றுவிடுகின்றன. சாதாரண போன் அழைப்பின் கதை வேறு. பழைய குறுகிய பட்டை அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு அதிரும் எண்ணிக்கை) வரைதான் போகும், ‘எச்டி வாய்ஸ்’ எனப்படும் அகன்ற பட்டையில் சுமார் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த அகன்ற பட்டையிலும் கைத்தாளத்தின் மின்னல் போன்ற மேல்சுரங்கள் வெளியேதான் நிற்கும். ஆகவே சாதாரண அழைப்பில் பாட்டைக் கேட்கவைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, இணைய அழைப்புக்கு மாறுவதுதான் முதல் படி.

இணைய அழைப்பில் தனிப்பாதைக்குப் பெயர் ‘ஒலியுடன் திரைப்பகிர்வு’. திரையைப் பகிர்ந்தால் ஒலியும் தானாகப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான செயலிகளில் ஒலிக்குத் தனியாக ஒரு டிக் போட வேண்டும். ஜூமில் ‘ஷேர்’ பொத்தானை அழுத்தினால் எந்தச் சாளரத்தைப் பகிர்வது என்று கேட்கும் பெட்டி வரும். அந்தப் பெட்டியின் அடிப்பகுதியில் ‘ஷேர் சவுண்ட்’, ‘ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்’ என்று இரண்டு இருக்கும். இரண்டையும் டிக் செய்த பிறகுதான் பகிர வேண்டும். ஒலியின் பக்கத்திலுள்ள சிறு அம்பில் மோனோ (இரு காதுக்கும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இடது, வலது தனித்தனி) என்று தேர்வு இருக்கிறது. பாட்டு என்றால் ஸ்டீரியோ. மறந்துபோய்ப் பகிரத் தொடங்கிவிட்டால் நிறுத்த வேண்டியதில்லை. மேலே தெரியும் பட்டையில் ‘மோர்’ என்பதைத் திறந்தால் அவை அங்கேயும் இருக்கும். இரண்டாவது டிக்கைப் பலர் போடுவதில்லை. அதைப் போடாவிட்டால் செயலி, பகிரப்படுவது எழுத்து நிறைந்த ஆவணம் என்று எண்ணிக்கொண்டு, தெளிவைக் காப்பாற்ற நொடிக்கு அனுப்பும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். சினிமா நொடிக்கு 24 படங்கள் ஓடுவது. அதில் பாதிகூடப் போகாதபோது நடனம் பொம்மலாட்டம் போலத் தெரியும். எல்லாரும் ‘நெட் மோசம்’ என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

கூகுள் மீட்டில் முழுத்திரையைப் பகிர வேண்டாம், சாளரத்தையும் வேண்டாம். குரோம் உலாவியில் வீடியோவை ஒரு தனி டேப்பில் திறந்து, அந்த டேப்பை மட்டும் பகிர வேண்டும். டேப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் கீழே டேப்பின் ஒலியையும் பகிர்வதற்கான சுவிட்ச் இருக்கும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலாவிச் சாளரத்தைப் பகிர்ந்தால் படம் போகும், ஒலி போகாது. டேப்பைப் பகிர்ந்தால் இரண்டும் போகும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ‘ஷேர்’ பட்டியலின் மேலேயே ஒலியைச் சேர்க்கும் சுவிட்ச் உண்டு. திரையைத் தேர்வதற்கு முன்னால் அதைத் தட்ட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் திரைப்பகிர்வு 2023 ஆகஸ்டில் வந்தது. ஒலியுடன் பகிரும் வசதி 2024 ஜூனில் சேர்ந்தது. அதற்கு முன் வந்த பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒலி போகாது, ஆகவே செயலியைப் புதுப்பிப்பதே பாதி வேலை. வீடியோ அழைப்பில் இருக்கும்போது திரைப்பகிர்வுச் சின்னத்தைத் தட்டினால், திரையைப் பதிவு செய்யவோ ஒளிபரப்பவோ அனுமதி கேட்டு ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கை காட்டும். பதிவு என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து பலர் இங்கே திரும்பிவிடுகிறார்கள். திரையில் தெரிவதை அந்தச் செயலி எடுத்துக்கொள்ளும் என்பதே அதன் பொருள். சம்மதம் கொடுத்துவிட்டு, வீடியோ செயலியைத் திறந்து, போனைக் குறுக்காகப் பிடித்து ஓடவிட வேண்டியதுதான். குரல் அழைப்பில் இருந்தால் முதலில் வீடியோவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒலியைத் தனிப்பாதையில் அனுப்பிய பிறகும் ஒரு பிழை மிச்சமிருக்கலாம். பகிர்பவரின் ஸ்பீக்கர் உரக்க ஒலித்து, மைக்கும் திறந்திருந்தால், மறுமுனைக்கு அதே பாட்டு இரண்டு முறை போய்ச்சேரும்: ஒன்று சுத்தமாகப் பகிர்வின் வழியே, மற்றொன்று சிறிது தாமதித்து மைக் வழியே. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டால் காரணம் இதுதான். பகிர்பவர் இயர்போன் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது படம் ஓடும்போது மைக்கை அணைத்துவிட்டு, பேச வேண்டிய இடத்தில் திறக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு கருவிகள் அதே அழைப்பில் இருந்தால் ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊளைச் சத்தம் கிளம்பும்.

இணைய வேகம் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. எந்த வேகம் என்பதுதான் கேள்வி. திரையைப் பகிர்பவருக்குத் தேவை பதிவேற்ற வேகம், அதாவது நம்மிடமிருந்து வெளியே போகும் வேகம்; விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது நம்மிடம் வந்துசேரும் பதிவிறக்க வேகம். பல வீட்டு இணைப்புகளில் பதிவேற்றம் அதைவிட மிகக் குறைவு. ஜூம் வெளியிட்டிருக்கும் கணக்கின்படி இருவர் பேசும் அழைப்பில் 720பி (720 வரிகள் கொண்ட) படத்துக்குப் பதிவேற்றத்திலும் பதிவிறக்கத்திலும் நொடிக்கு 1.2 மெகாபிட் போதும். பகிர்பவர் படத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே பகிர்ந்தால் இதோடு அந்த இறக்கமும் சேரும். நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜிபி. எனவே இருவரில் யாருடைய பதிவேற்ற வேகம் கூடுதலோ அவர் பகிரட்டும். முன்கூட்டியே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. சிறு பெட்டியில் தெரியும் தம் முகத்தைப் பகிர்பவர் அணைத்துவிட்டால் அந்தப் பதிவேற்றமும் படத்துக்கே கிடைக்கும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். புளூடூத்தும் அதே 2.4 பட்டையில்தான் ஓடுகிறது. மலிவான கருவிகளில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

உதடும் ஒலியும் பொருந்தாமல் போவது இன்னொரு குறை. படத்தைச் சுருக்க அதிக நேரமாகும், ஒலிக்குக் குறைவு. ஆகவே ஒலி முந்திக்கொள்ளும். ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்றும், பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரியாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை கணக்கு வைத்திருக்கிறது. மின்னல் முன், இடி பின் என்ற ஒழுங்கில் பழகிய காது நமக்கு. பிந்துவதைப் பொறுக்கும், முந்துவதைப் பொறுக்காது. பகிர்வை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வீடியோவின் தரத்தை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். அழைப்பில் போய்ச்சேருவது பெரும்பாலும் அதற்கு மேல் இருக்காது.

படம் கறுப்பாகவும், வசனம் மட்டும் கேட்பதாகவும், அல்லது இரண்டும் இல்லாமலும் போனால் அது பழுதே அல்ல. கட்டணப் பட நிறுவனங்கள் தங்கள் படங்களைப் பூட்டி அனுப்புகின்றன. வைட்வைன், பிளேரெடி, ஃபேர்பிளே என்பவை அந்தப் பூட்டுகளின் பெயர்கள். திரையைப் பிடிக்கும் செயலி பூட்டப்பட்ட பகுதியைப் பெரும்பாலும் கறுப்பாகவே காணும். உலாவியின் அமைப்பை மாற்றி இதைச் சுற்றிப்போகும் யோசனைகளைத் துணுக்குகளில் அச்சிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சந்தா விதிகளுக்கு முரணானது, அடுத்த புதுப்பிப்பில் நின்றும் போகும். இத்தகைய படங்களுக்குச் சரியான வழி, ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் தத்தம் சந்தாவில் ஓட்டுவது.

அப்படி ஓட்டும்போது ஓட்டத்தை ஒருங்கிணைப்பதுதான் வேலை. ஆப்பிள் கருவிகளில் ஃபேஸ்டைம் என்ற அழைப்புச் செயலியோடு இணைந்த ஷேர்பிளே இதைத் தானே செய்கிறது. 2021 அக்டோபரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1உடன் வந்தது. அழைப்பில் இருந்துகொண்டே அதை ஆதரிக்கும் செயலியைத் திறந்து படத்தை ஓடவிட்டால், எல்லாருக்கும் ஓட்டவா என்று கேட்கும். இங்கே படம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதில்லை; ‘ஓடு’, ‘நில்’, ‘இத்தனையாவது நிமிடத்துக்குப் போ’ என்ற கட்டளைகள் மட்டுமே போகின்றன. அதனால்தான் படம் முழுத் தரத்தில் தெரிகிறது. அதனால்தான் சந்தா வேண்டிய படத்துக்கு ஒவ்வொருவருக்கும் சந்தா வேண்டியிருக்கிறது. யாராவது பேசத் தொடங்கினால் படத்தின் ஒலி தானாகத் தாழும். இந்த ஒரு வசதிக்காகவே ஷேர்பிளேயை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

எல்லாரிடமும் ஆப்பிள் கருவி இருக்காது. கையால் ஒருங்கிணைப்பதும் கடினமல்ல. இருவரும் அதே வீடியோவை அதே தளத்தில் திறக்க வேண்டும். விளம்பரம் வந்தால் அது முடியும்வரை ஓடவிட்டு, படம் தொடங்கியதும் நிறுத்தி, 0:00க்குத் திரும்ப வேண்டும். அரை நிமிடம் அப்படியே விட்டால் முன்பகுதி இறங்கிவிடும். பிறகு ஒருவர் மட்டும் ‘மூன்று, இரண்டு, ஒன்று, ஓடு’ என்று எண்ணட்டும். ‘ஓடு’ என்பது மறுமுனைக்குப் போய்ச்சேரச் சிறிது நேரமாகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது தொலைத்தொடர்பில் பழைய கணக்கு. இணைய அழைப்பில் அது கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே எண்ணுபவர் ‘ஓடு’ என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணிமைப்பு கழித்தே தம் பொத்தானை அழுத்த வேண்டும். சரிபார்க்க, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் திரையில் ஓடும் நேரத்தை உரக்கப் படிக்கட்டும். கணினி யூடியூப்பில் இடது, வலது அம்புகள் 5 நொடியும், ஜே, எல் எழுத்துகள் 10 நொடியும் நகர்த்தும், கே நிறுத்தும். ஒரு நொடி, இரண்டு நொடி வித்தியாசம் என்றால் முந்தி ஓடுபவர் அத்தனை நேரம் நிறுத்திவைத்தால் போதும்.

இந்த முறையில் இருவரும் இயர்போன் போடுவது கட்டாயம். போடாவிட்டால் தம் படத்தின் ஒலியோடு, மற்றவர் மைக்கில் புகுந்த அவர் படத்தின் ஒலியும் அரை நொடி தள்ளிக் கேட்டுக்கொண்டே இருக்கும். இயர்போன் போட்டுவிட்டால் அந்த அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் சிரித்த பிறகு மற்றவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

சரியாகத் தொடங்கியும் போகப்போக விலகுகிறது என்றால் இரண்டு பிரதிகளும் வேறு வேறு. 24 படம் ஓடவேண்டிய சினிமாவைச் சில நாடுகளின் தொலைக்காட்சிக்காகவும் அங்கு விற்ற டிவிடிகளுக்காகவும் 25 ஆக வேகப்படுத்துவது வழக்கம். இரண்டு மணி நேரப் படம் அதில் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். எவ்வளவு கவனமாக எண்ணித் தொடங்கினாலும் இந்த இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. தொடங்குமுன் மொத்த நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நொடிவரை ஒன்றாக இருக்க வேண்டும்.

இயர்போன் என்றதும் எல்லாரும் புளூடூத்தை எடுக்கிறார்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஏ2டிபி என்பது ஒருவழி, ஸ்டீரியோ, நல்ல தரம். ஆனால் மைக் கிடையாது. எச்எஃப்பி என்பது இருவழி, மைக் உண்டு; ஆனால் மோனோ, பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள் மட்டும். அழைப்பு தொடங்கி மைக் திறந்த அந்தக் கணத்தில் கருவி முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். அதுவரை இனிமையாகக் கேட்ட பாட்டு சட்டென்று தகர டப்பாவுக்குள் போனதுபோல் ஆவது இதனால்தான். இயர்போனைத் திருப்பிக்கொடுக்க வேண்டாம், அதில் பழுதில்லை. மடிக்கணினியில் எளிய தீர்வு இருக்கிறது: அழைப்புச் செயலியின் அமைப்பில் ஸ்பீக்கராக இயர்போனையும், மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். இயர்போனின் மைக் திறக்காதவரை தாவல் நடக்காது. போனில் இப்படிப் பிரிப்பது பெரும்பாலும் முடியாது; அங்கே கம்பி இயர்போன்தான் நம்பகமானது. எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையில் இந்தக் குறை பெரிதும் நீங்குகிறது; ஆனால் போனும் இயர்போனும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும்.

இனி, சாதாரண அழைப்பில் பேசிக்கொண்டே தனியாக ஒரு வீடியோ பார்ப்பவர்கள். ‘கால் வந்தால் நெட் நின்றுவிடுகிறது’ என்பது இவர்கள் புகார். 4ஜி வலையமைப்பு அடிப்படையில் டேட்டாவுக்கு மட்டுமே. 4ஜியிலேயே குரலையும் அனுப்பும் வோல்டிஇ வசதி அணைந்திருந்தால், அழைப்பு வந்தவுடன் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். 3ஜியில் டேட்டா மெதுவாகவாவது ஓடும், 2ஜியில் பொதுவாக அப்படியே நின்றுவிடும். சிம் அமைப்பில் வோல்டிஇ அல்லது ‘4ஜி காலிங்’ என்று இருப்பதை இயக்கினால் தீரும். இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு காரணம் இருக்கலாம். அழைப்பு ஒரு சிம்மிலும் டேட்டா மற்றொன்றிலும் இருந்தால், பேசி முடியும்வரை டேட்டா சிம் உறங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ‘அழைப்பின்போது டேட்டா’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் சிம் அமைப்புக்குள் இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் டேட்டாவை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் சுவிட்ச் உண்டு. அதை இயக்கினால் பேசும் சிம்மின் டேட்டாவைப் போன் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். வைஃபையில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் மிகச் சிறியதாக இருக்கிறது, பக்கப் பொத்தானை எத்தனை அழுத்தினாலும் கூடவில்லை என்றால், அழைப்பின்போது அந்தப் பொத்தான் அழைப்பின் ஒலியை மட்டுமே கூட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் திரையில் வரும் பட்டையின் மூன்று புள்ளிகளைத் தட்டினால், மீடியாவுக்குத் தனிப்பட்டை தெரியும். அதைக் கூட்டுங்கள். நல்ல வழி, ஒலியையே நம்பாமல் எழுத்து வசனத்தை இயக்கிவிடுவது. பேசுவதும் கெடாது. வீடியோவைச் சிறு மிதக்கும் சாளரமாக ஓடவிடும் வசதி ஆண்ட்ராய்டு போன்களில் 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தும் ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் இருக்கிறது. செயலியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்குப் பின் எல்லாமே தடுமாறினால் போனைத் தொட்டுப் பாருங்கள். கேமரா, படத்தைச் சுருக்குதல், வந்த படத்தை விரித்தல், திரை, ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. சார்ஜரும் செருகியிருந்தால் சூடு இரட்டிப்பு. சூடேறியதும் போனின் மூளையான சில்லு (பிராசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றுங்கள், முன்கூட்டியே சார்ஜ் செய்துகொள்ளுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கையைத் துணுக்குகள் ஏனோ எழுதுவதே இல்லை. திரையைப் பகிரும்போது மேலே விழும் செய்திகளும் போய்ச்சேரும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். பகிரும் முன் ‘தொந்தரவு செய்யாதே’யை இயக்குங்கள். ஒரு செயலியை மட்டும் பகிரவா, முழுத்திரையையா என்று போன் கேட்டால் ஒரு செயலி என்றே சொல்லுங்கள். முன்பின் அறியாத எவரும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் சரி, அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னால் உடனே துண்டியுங்கள். பணம் பறிப்பவர்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதைவிடத் திரையில் பார்த்துக்கொள்வதை எளிது என்று கண்டுவைத்திருக்கிறார்கள்.

எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் வேறொரு வீடியோ பார்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் கவனிக்கிறேன் என்பது நடக்காத காரியம். பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செர்ரி 1953இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வைத்தார். மற்றக் காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்தவர்களால், அங்கே என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியதைக்கூட அறியவில்லை. வீடியோவில் வசனம் இருந்தால் எதிரில் பேசுபவரின் சொற்கள் அந்த இரண்டாவது காதில் விழுந்தவைதான். ‘ம்’ போடுவோம், விஷயம் ஏறாது. வீட்டில் ஒருவர் மருந்தின் அளவையோ ரயில் நேரத்தையோ சொல்லும் அழைப்பில் இது ஆபத்து. பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் ‘ஒரு வீடியோ ஓடுகிறது, நிறுத்தட்டுமா?’ என்று கேட்டுவிடலாம். வாகனம் ஓட்டும்போது இவை இரண்டில் ஒன்றும் கூடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இது பற்றித் துணுக்கு வெளியிடும்போது, வேகத்தைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒலியைப் பகிரும் டிக் எங்கே இருக்கிறது என்பதை வட்டமிட்டுக் காட்டும் ஒரு படத்தைப் போடுங்கள். கணினிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவைக்கும் அளவில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒலிப் பொறியியல் துறையில் பணிபுரியும் வாசகர்